கர்ணம் வருமா? ஒரு பாடலும் கணிதப் போட்டிக்கான முதல் படியும்

தமிழாசிரியர்களின் புலனக் குழுக்களில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது வந்து போகும் ஒரு பாடல் உண்டு. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லும் பாடல். போதையனார் பாடியது என்ற குறிப்போடு வரும். கூடவே, 'பைதாகரசுக்கு முன்பே தமிழன் கண்டுபிடித்துவிட்டான், அதுவும் வர்க்கமூலமே இல்லாமல்' என்ற வரியும் வரும். கீழே நான்கைந்து கைதட்டல் படங்கள். மறுநாள் அதே செய்தி வேறொரு குழுவிலிருந்து திரும்பி வரும்.

இந்தப் பாடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம் இரண்டு. ஒன்று, நம் மாணவர்கள் எஸ்.பி.எம். கட்டுரையிலும் பேச்சுப் போட்டியிலும் இதை மேற்கோளாகக் கையாளுகிறார்கள். திருத்தும் நாம் பெரும்பாலும் ஒரு சரி போட்டுவிட்டுப் போகிறோம். இரண்டு, 'கணிதப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்யணும், எங்கிருந்து தொடங்குறது?' என்று பெற்றோர் தமிழாசிரியரிடமும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் பார்த்த நல்ல பதில்களில் ஒன்று இந்தப் பாடலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பாடலைப் பாராட்டி மட்டும் வைத்துக்கொண்டால் அது கிடைக்காது. சோதித்துப் பார்த்தால்தான் கிடைக்கும்.

பாடல் என்ன சொல்கிறது?

பொருளை மட்டும் என் சொற்களில் தருகிறேன். கிடையாக ஓடும் நீளத்தை எட்டுச் சம பங்காகப் பிரி. அதில் ஒரு பங்கைத் தள்ளிவிடு. மீதியோடு உயரத்தில் பாதியைச் சேர். வருவதுதான் கர்ணம். உயரத்துக்குப் பாடல் பயன்படுத்தும் சொல் 'குன்றம்'.

படிவம் 1 மாணவருக்குப் புரியும்படி சொன்னால்: கிடையில் 7/8, உயரத்தில் 1/2, இரண்டையும் கூட்டு. அவ்வளவுதான்.

கிடை 4, உயரம் 3 என்று வையுங்கள். 4-இல் 7/8 என்பது 3.5. 3-இல் பாதி 1.5. கூட்டினால் 5. பைதாகரஸ் தேற்றமும் 5 என்றுதான் சொல்கிறது. கிடை 8, உயரம் 6 என்றால் 7-உம் 3-உம் சேர்ந்து 10. சரி. கிடை 12, உயரம் 5 என்றால் 10.5-உம் 2.5-உம் சேர்ந்து 13. இதுவும் சரி. பெரும்பாலான செய்திகள் இந்த எடுத்துக்காட்டுகளோடு நின்றுவிடும். படிக்கிறவருக்குப் புல்லரித்துவிடும்.

மூன்று எடுத்துக்காட்டு சரியாக வந்தால் விதி சரி என்று முடிவு கட்டலாமா? கணிதப் போட்டியின் முதல் பாடம் இந்தக் கேள்விதான்.

சோதித்துப் பார்த்தால்

கிடை 15, உயரம் 8 எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான கர்ணம் 17. பாடல் வழி 13.125-உம் 4-உம் சேர்ந்து 17.125. கொஞ்சம் கூடிவிட்டது. கிடை 24, உயரம் 7 என்றால் உண்மை 25. பாடல் தருவது 24.5. குறைந்துவிட்டது. கிடையும் உயரமும் 1, 1 என்றால் உண்மை ஏறக்குறைய 1.414. பாடல் 1.375 என்கிறது.

'சின்ன வித்தியாசந்தானே' என்று சொல்லலாம். சரி, இரண்டு பக்கத்தையும் மாற்றிப் போடுங்கள். கிடை 3, உயரம் 4. முக்கோணம் அதேதான், திருப்பி வைத்திருக்கிறோம், அவ்வளவே. கர்ணம் 5-ஆகவே இருக்க வேண்டும். பாடலோ 2.625-உம் 2-உம் கூட்டி 4.625 தருகிறது. ஒரே முக்கோணத்துக்கு இரண்டு கர்ணம் இருக்க முடியாது, இல்லையா?

இன்னும் ஒரு சோதனை. படிவம் 2 மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்டது: "டீச்சர், மலையே இல்லன்னா?" அதாவது உயரம் பூஜ்யம் என்றால்? அப்போது கர்ணமும் கிடையும் ஒன்றுதான். 8 மீட்டர் தரையில் நடந்தால் 8 மீட்டர்தான். பாடல் 7 என்கிறது! ஒரு மீட்டர் எங்கே போச்சு என்று வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளை ஒலிம்பியாட் பயிற்சிக்கெல்லாம் போனதில்லை. ஆனால் எல்லைநிலையில் வைத்துச் சோதிக்கும் உத்தியைத் தானாகவே எடுத்துவிட்டாள். போட்டிக் கணக்குக்கு வேண்டிய மனம் அதுதான்.

எங்கே மட்டும் சரி?

தப்பு என்று காட்டியதோடு விட்டால் அரைகுறை விமர்சனம். எங்கே சரி, ஏன் சரி என்றும் பார்க்க வேண்டும். இதற்குப் படிவம் 4-இல் படிக்கும் இருபடிச் சமன்பாடு போதும்.

கிடையை 1 என்றும் உயரத்தை த என்றும் வைப்போம். பாடல் தருவது 7/8 + த/2. உண்மையான கர்ணத்தின் வர்க்கம் 1 + த². இரண்டும் சமமாக இருக்க வேண்டுமானால், பாடல் தருவதை வர்க்கப்படுத்தி 64-ஆல் பெருக்குங்கள்:

49 + 56த + 16த² = 64 + 64த²

ஒரே பக்கமாகக் கொண்டுவந்தால்:

48த² − 56த + 15 = 0

காரணிப்படுத்தினால்:

(4த − 3)(12த − 5) = 0

ஆக த = 3/4 அல்லது த = 5/12. வேறு விடை கிடையாது. உயரத்துக்கும் கிடைக்கும் உள்ள விகிதம் 3-க்கு 4 அல்லது 5-க்கு 12 என்று இருந்தால் மட்டுமே பாடல் துல்லியம். பள்ளிக்கூடத்தில் நாம் முதலில் கற்றுக்கொடுக்கும் அதே இரண்டு முக்கோணங்கள்! அதனால்தான் புலனச் செய்தியின் எடுத்துக்காட்டுகள் எல்லாம் சரியாக வருகின்றன. பிள்ளைகள் முதலில் எடுத்துப் பார்க்கும் எண்களும் அவைதான். பாடலைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு அதற்குச் சாதகமான இடத்திலேயே நாம் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சமன்பாடு இன்னொன்றும் சொல்கிறது. விகிதம் 5/12-க்கும் 3/4-க்கும் இடையில் இருந்தால் பாடலின் விடை உண்மையைவிடக் கூடும். அதற்கு வெளியே போனால் குறையும். 8-க்கு 15 இடையில் வருகிறது, கூடியது. 7-க்கு 24 வெளியே நிற்கிறது, குறைந்தது. மேலே பார்த்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றும் பிசகாது. கூடும்போது எவ்வளவு கூடும்? அதிகபட்சம் 7-க்கு 4 என்ற முக்கோணத்தில். அங்கே பாடல் 8.125, உண்மை ஏறக்குறைய 8.062. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஒலிம்பியாட் மாணவர்கள் கோஷி சமனின்மையைப் படிக்கும்போது இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்.

பாராட்ட வேண்டியது எது?

அப்படியானால் இது மோசமான பாடலா? இல்லை. பாராட்ட வேண்டிய இடத்தைத்தான் நாம் மாற்றிவிட்டோம்.

7/8-உம் 1/2-உம் ஏன்? ஒரு கயிற்றை எடுத்து மூன்று முறை மடியுங்கள். எட்டுப் பங்கு கிடைத்துவிடும். 1/8-க்குத் தமிழில் தனிப் பெயரே இருக்கிறது, அரைக்கால். உயரத்துக் கயிற்றை ஒரே ஒரு முறை மடித்தால் பாதி. எண்ணே எழுதத் தெரியாதவர்கூட இரண்டு கயிற்றை வைத்துக்கொண்டு கர்ணத்தை அளந்துவிடலாம். வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம். கூரைக்குச் சட்டம் வெட்டுகிறவருக்கு நூற்றுக்கு ஒரு பங்குப் பிழை பெரிய தொல்லையில்லை.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று. பாடல் 'குன்றம்' என்கிறது, நமக்குக் கொடிமலை இருக்கிறது. மலை ரயில் பாதை ஏறக்குறைய 2 கிலோமீட்டர், ஏறும் உயரம் ஏறக்குறைய 700 மீட்டர். பாதை முழுக்க ஒரே சாய்வில் போகவில்லைதான். இருந்தாலும் ஒரு பெரிய முக்கோணமாக நினைத்துக்கொண்டு கிடையை 1,870 மீட்டர் என்று வைப்போம். தேற்றப்படி கர்ணம் 1,997 மீட்டர் அளவில் வருகிறது. பாடல்படி 1,636.25-உம் 350-உம் சேர்ந்து 1,986.25. இரண்டு கிலோமீட்டரில் பத்துப் பதினொரு மீட்டர்தான் வித்தியாசம். இரண்டு கயிற்றுக்கும் ஒரு பாட்டுக்கும் இது பெரிய சாதனை.

ஆகவே என் மதிப்பீடு இது. தேற்றம் என்று சொன்னால் பாடல் தோற்றுப்போகும். கைவினைஞரின் தோராய விதி என்று சொன்னால் மிக நல்ல விதி. பைதாகரசோடு மோதவிட்டு அதைத் தோற்கடிப்பவர்கள் பாடலின் எதிரிகள் அல்லர், அதைப் புகழ்ந்து அனுப்புகிறவர்கள்தான்.

மொழி என்ன சொல்கிறது?

கணக்கை விட்டுவிட்டு நம் துறைக்கு வருவோம். சங்க காலப் பாடல் என்று சிலர் சேர்த்து அனுப்புகிறார்கள். பாடலின் மொழியைப் பார்த்தாலே போதும். 'கூறிலே' என்ற வேற்றுமை வடிவம், 'கர்ணம்' என்ற வடசொல், இவை இரண்டும் சங்கப் பாடலின் நடையில் வருபவை அல்ல. ஓட்டமும் பேச்சுக்கு நெருக்கமானது. எட்டுத்தொகையில் ஏதாவது ஒரு பாட்டைப் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டினால் படிவம் 4 மாணவரே வேறுபாட்டைச் சொல்லிவிடுவார்.

போதையனார் என்ற பெயரைப் பௌதாயனரோடு சேர்த்துக் குழப்புவதும் நடக்கிறது. பௌதாயனர் பெயரில் உள்ள சுல்ப சூத்திரம் வடமொழி நூல். வேள்வி மேடை கட்டும் அளவுகளைச் சொல்வது. செவ்வகத்தின் மூலைவிட்டத்தின் மேல் எழும் சதுரம், நீளத்தின் மேலும் அகலத்தின் மேலும் எழும் இரண்டு சதுரங்களுக்குச் சமம் என்ற கருத்து அதில் இருக்கிறது. அது எல்லாச் செவ்வகத்துக்கும் பொருந்தும் கூற்று. நம் பாடல் சொல்வது அது அல்ல. 'பைதாகரசுக்கு முன்பே' என்பதை எடுத்துக்கொண்டாலும் அந்தப் போட்டியில் முன்னால் நிற்பது பாபிலோன். பிளிம்ப்டன் 322 என்று அழைக்கப்படும் களிமண் பலகை ஏறக்குறைய கி.மு. 1800-ஐச் சேர்ந்தது. இத்தகைய எண் மும்மைகளை வரிசையாக அது பட்டியலிடுகிறது. யார் முதலில் என்ற பந்தயத்தில் நாம் ஓட வேண்டிய அவசியமே இல்லை.

கணக்கதிகாரத்தோடு வைத்துப் பார்த்தால்

தமிழில் செய்யுளாகக் கணக்குச் சொல்லும் மரபு உண்மையில் வளமானது. அதற்குச் சான்று வேண்டுமானால் காரி நாயனாரின் கணக்கதிகாரத்துக்குப் போகலாம். நிலம், பொன், நெல், அரிசி என்று வாழ்க்கையில் அளக்க வேண்டியவற்றை எல்லாம் வகைப்படுத்திச் சொல்லும் நூல். ஒரு பெண்ணை விளித்துக் கேள்வி கேட்பது போலப் பாடல்கள் அமைந்திருக்கும். நாம் இலக்கணத்தில் மகடூஉ முன்னிலை என்று சொல்வது.

அந்த நூலின் பெயரால் பரவலாக அறியப்பட்ட மூன்று விதிகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது வட்டம். விட்டத்தில் பாதியையும் சுற்றளவில் பாதியையும் பெருக்கினால் பரப்பு. குறள் வெண்பா அளவில் இரண்டே அடி. இதைச் சோதியுங்கள். சுற்றளவில் பாதி என்பது பை பெருக்கல் ஆரம். விட்டத்தில் பாதி ஆரம். பெருக்கினால் நாம் படிக்கும் அதே சூத்திரம். இது தோராயம் இல்லை, எல்லா வட்டத்துக்கும் துல்லியம். பையின் மதிப்பு என்ன என்றுகூட அது கேட்பதில்லை. ஏன் உண்மை? வட்டத்தைத் தோசை வெட்டுவது போலப் பல துண்டாக வெட்டி, ஒன்று மேலே ஒன்று கீழே பார்க்க அடுக்குங்கள். துண்டு சிறுக்கச் சிறுக்க அது ஒரு செவ்வகத்தை நெருங்கும். நீளம் சுற்றளவில் பாதி, அகலம் ஆரம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குக்கூட காகிதத்தில் காட்டலாம்.

இரண்டாவது பூசணிக்காய். காயின் மேல் இருக்கும் கீற்றுகளை எண்ணி, மூன்றால் பெருக்கி, ஆறால் பெருக்கி, ஐந்தால் பெருக்கி, வருவதில் பாதியைத் தள்ளி, மூன்றால் வகுத்தால் விதைகளின் எண்ணிக்கை. கொஞ்சம் நிதானித்துப் பாருங்க. 3 × 6 × 5 = 90. பாதி 45. மூன்றால் வகுத்தால் 15. இத்தனை சுற்றும் சுற்றி வந்தது கீற்றைப் பதினைந்தால் பெருக்கத்தான்! மாணவர்கள் இதைக் கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இருபது கீற்று, முப்பது கீற்று என்று தனித்தனியாகக் கணக்குப் போடாமல், முழு வழியையும் ஒரே பார்வையில் சுருக்கிவிடுவது போட்டிக் கணக்கில் அடிக்கடி தேவைப்படும் பழக்கம். கவிஞர் ஏன் சுற்றினார் என்பதற்கும் நம்மிடம் விடை உண்டு. மனக்கணக்கைப் பழக்க வேண்டும், வெண்பாவையும் நிரப்ப வேண்டும்.

மூன்றாவது பலாப்பழம். காம்பைச் சுற்றி இருக்கும் சிறு முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளை எத்தனை என்று தெரியும். இதை எப்படிச் சரிபார்ப்பது? பழத்தை வெட்டித்தான். பூசணிக்கும் அதே கதை. இயற்கை எல்லாப் பழத்துக்கும் ஒரே கணக்கு வைத்துக்கொள்வதில்லை. இது அநுபவத்திலிருந்து பிறந்த அநுமானம்.

இப்போது வரிசைப்படுத்திப் பார்ப்போம். வட்டம் எப்போதும் உண்மை. கர்ணம் கிட்டத்தட்ட உண்மை. பலாவும் பூசணியும் அநுமானம். நாலும் செய்யுள், நாலும் தமிழ், நாலுக்கும் ஒரே கட்டளைத் தொனி. இப்படிச் செய், இது வரும் என்கிற தொனி. ஏன் வரும் என்று எதுவும் சொல்வதில்லை. இந்த மரபின் பலவீனம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்: செய்யுளுக்குள் நிறுவலுக்கு இடமில்லை. நினைவில் நிற்பதற்காகச் சுருக்கியதில் காரணம் வெளியே போய்விட்டது. திண்ணைப் பள்ளிகளில் அது ஆசிரியரின் வாயிலும் மாணவரின் பழக்கத்திலும் இருந்திருக்கும். திண்ணைப் பள்ளிக் கணக்கையும் எண்சுவடி மனப்பாடத்தையும் ஆராய்ந்த செந்தில் பாபு, அந்த மனப்பாடம் வெறும் ஒப்புவித்தல் இல்லை, கணக்கைச் செய்து பழகும் ஒரு முறை என்று காட்டியிருக்கிறார். ஏட்டில் மிஞ்சியது விதி மட்டும்.

காரணம் இல்லாத விதித் தொகுப்பு பயனற்றதும் அல்ல. கும்பகோணத்தில் பதினாறு வயதில் இராமானுஜன் கையில் கிடைத்த கார் என்பவரின் புத்தகமும் அந்த வகைதான். ஆயிரக்கணக்கான முடிவுகள், நிறுவல்கள் மிகக் கொஞ்சம். எழுதாமல் விட்ட காரணத்தைத் தானே தேடியதுதான் அவர் பெற்ற பயிற்சி. 1913-இல் அவர் கடிதத்தைப் படித்துவிட்டு ஹார்டி கேட்டதும் அதையேதான்: நிறுவல் எங்கே?

போட்டிக்கு எப்படித் தொடங்குவது?

நம் நாட்டில் ஒரு மாணவருக்கு இருக்கும் வாசல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேங்காரு கணிதப் போட்டி பிரான்சில் 1991-இல் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. பல்தேர்வு வினாக்கள், எளிதிலிருந்து கடினத்துக்கு 3, 4, 5 புள்ளிகள். தொடக்க நிலையினருக்குப் பயம் தராது. அடுத்தது பெர்சாமா நடத்தும் தேசியக் கணித ஒலிம்பியாட். போங்சு, மூடா, சூலோங் என்று மூன்று பிரிவுகள். எல்லாவற்றுக்கும் உச்சியில் அனைத்துலகக் கணித ஒலிம்பியாட். 1959-இல் ருமேனியாவில் தொடங்கியது, மலேசியா 1995 முதல் பங்கெடுக்கிறது. இரண்டு நாள், ஆறே கேள்வி, ஒவ்வொரு நாளும் நான்கரை மணி நேரம். ஒரு கேள்விக்கு 7 புள்ளி. விடை மட்டும் எழுதினால் அங்கே மதிப்பே இல்லை, நிறுவ வேண்டும்.

இதைப் பார்த்ததும் பெற்றோர் செய்வது என்ன? பழைய தாள்களை ஒரு கட்டு வாங்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு போடச் சொல்வது. வேகம் பிறகு வரட்டும். முதல் மூன்று மாதத்துக்கு வாரம் ஒரே ஒரு கணக்கு போதும். அந்த ஒரு கணக்கை இப்படி நோண்டச் சொல்லுங்கள்:

சிறிய எண்ணை வைத்துப் பார். பூஜ்யத்தை வைத்துப் பார். இரண்டு பொருளையும் இடம் மாற்றிப் பார். மிகப் பெரியதை வைத்துப் பார். எங்கே சரி, எங்கே உடைகிறது என்று பட்டியல் போடு. உடையாவிட்டால் ஏன் உடையவில்லை என்று இரண்டு வாக்கியத்தில் எழுது.

இந்தக் கடைசி வேலை, அதாவது எழுதுவது, தமிழாசிரியரின் வேலை. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் 'செங்கோண முக்கோணம்' என்று படித்துவிட்டு, படிவம் 1-க்குப் போனதும் மலாயிலோ ஆங்கிலத்திலோ அதையே மறுபடி சந்திக்கிறார்கள். சொல் மாறும்போது சிந்தனையும் தடுமாறும். தாய்மொழியில் ஒரு காரணத்தை ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு இன்னொரு மொழியில் எழுதுவது மொழிபெயர்ப்புச் சிக்கல் மட்டுமே. தெரியாதவருக்கு எந்த மொழியிலும் சிக்கல்தான்.

கருத்துணர்தல் பாடத்தில் நாம் செய்யும் வேலையும் இங்கே உதவும். 'குறைந்தது மூன்று', 'சரியாக மூன்று', 'அதிகபட்சம் மூன்று', இவை மூன்றும் வேறு வேறு கணக்கு. 'ஏதேனும் ஒரு எண்ணுக்கு உண்மை' என்றால் ஒன்று கிடைத்தால் போதுமா, எதை எடுத்தாலும் உண்மையாக இருக்க வேண்டுமா? தமிழில் இந்த இடம் வழுக்கும். வகுப்பில் பத்து நிமிடம் பேசலாம், நல்ல இலக்கணப் பாடமாகவும் ஆகிவிடும்.

கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு

தமிழரின் அறிவியல், தமிழின் சிறப்பு போன்ற தலைப்பு வந்தால் இந்தப் பாடலைத் தொடவே கூடாதா? தாராளமாகத் தொடலாம். ஆனால் 'பைதாகரசுக்கு முன்பே தமிழன் தேற்றத்தைக் கண்டுபிடித்தான்' என்று எழுதாதீர்கள். இப்படி எழுதலாம்: 'வர்க்கமூலம் எடுக்காமலேயே கர்ணத்தை ஏறக்குறையக் கணிக்க உதவும் எளிய விதி ஒன்று தமிழ்ச் செய்யுள் வடிவில் வழங்குகிறது. 3-4-5, 5-12-13 ஆகிய முக்கோணங்களில் அது துல்லியமாகவும், பிறவற்றில் தோராயமாகவும் விடை தருகிறது.' இரண்டாவது எடுத்துக்காட்டாக வட்டப் பரப்பு விதியைச் சேர்த்தால் கட்டுரை இன்னும் வலுவாகும், அதை யாரும் மறுக்க முடியாது.

இதைச் சொல்லும்போது சிலருக்கு வருத்தம் வரும். 'நம்ம பெருமையை நாமே குறைக்கலாமா?' என்று ஒரு மூத்த ஆசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் செய்தியை நம்பிப் போன ஒரு மாணவர், வேற்றினப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரும் போட்டிப் பயிற்சியில் இதைச் சொல்கிறார் என்று வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் 1, 1 என்று போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. அந்த அரை நிமிடத்தில் உடைவது பாடல் மட்டும் இல்லை. தமிழில் சொன்ன மற்ற கணக்குகள் மேலும் அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை போய்விடும், சரியான வட்ட விதியின் மேல்கூட. அதைவிட, அந்தச் சோதனையை நம் வகுப்பிலேயே, நம் மொழியிலேயே அவரே செய்துவிட்டுப் போவது நல்லது.

வகுப்புக்கான பயிற்சிகள்

1. கிடை 40, உயரம் 9. உண்மையான கர்ணம் 41. பாடல்படி எவ்வளவு? வரும் விடையைக் கிடையோடு ஒப்பிடுக. எது விநோதம்?

2. உயரம் கிடையின் கால் பங்குக்கும் குறைவாக இருந்தால், பாடல் தரும் கர்ணம் கிடையைவிடச் சிறியதாகிவிடும் என்று நிறுவுக.

3. கிடையில் ஒரு பங்கும் உயரத்தில் ஒரு பங்கும் கூட்டுவது என்ற அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, 3-4-5, 5-12-13 இரண்டிலும் சரியாக வரும்படி பங்குகளைக் கண்டுபிடிக்க. 7/8, 1/2 தவிர வேறு விடை இல்லை என்று காட்டுக.

4. அதே போல 5-12-13, 8-15-17 இரண்டிலும் சரியாக வரும் விதியைக் கண்டுபிடிக்க. (விடை: கிடையில் 19/21, உயரத்தில் 3/7.) கயிற்றை மடித்து இதைச் செய்ய முடியுமா? பழைய விதி ஏன் வசதியானது என்று நான்கு வரியில் எழுதுக.

5. பூசணி விதியைப் போல, ஆறு படியில் சுற்றி வந்து கடைசியில் எண்ணை இரட்டிக்க மட்டுமே செய்யும் ஒரு வழியை நீங்களே உருவாக்குக. முடிந்தால் வெண்பாவில், முடியாவிட்டால் உரைநடையில்.

ஐந்தாவதைத் தமிழ் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். கணிதம் வராது என்று ஒதுங்கி நிற்கும் ஒன்றிரண்டு பேர் அதில்தான் உள்ளே வருவார்கள்.